கூடுதலாக ஓர் ஆண் ஆசிரியர்

மகப்பேறு விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் முதல்வர் கூப்பிட்டார். எங்கள் நிர்வாகத்துக்குப் பெங்களூரு, மங்களூரு, கலபுரகி என்று மூன்று ஊர்களில் கல்லூரிகள். எந்த ஊரில் ஆண் ஆசிரியர்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று ஒப்பிட்டு ஓர் அட்டவணை வேண்டுமாம். அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு யாருக்கு வேலை நீட்டிப்பு என்று முடிவு செய்வார்கள்.

"நீயே பண்ணிடும்மா. மத்தவங்களுக்கு எக்ஸாம் டியூட்டி இருக்கு. நீ எப்படியும் நாலு மணியானா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறே."

கிளம்புவது உண்மைதான். மர்பி டவுன் வீட்டில் ஏழு மாதக் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருப்பாள். அதற்கு ஈடாகத் தினமும் முதல் வகுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி சார்" என்றேன்.

எங்கள் பெங்களூருக் கல்லூரிப் பட்டியலில் பெண்களை எண்ணினேன். எனக்குத் தெரிந்த கணக்கில் ஒருவர் குறைந்தார். பிள்ளை பெற்றபிறகு எனக்கு மறதி என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். விரல் வைத்து மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவைதான் புரிந்தது, குறைந்தது நான். பொருளாதாரத் துறையில் என் இடத்தில், நான் இல்லாதபோது வகுப்பெடுக்க வந்த தற்காலிக ஆசிரியரின் பெயர் இருந்தது. ஆண்களில் ஒருவர் கூடியிருந்தார்.

மற்ற ஊர்களுக்குப் போன் செய்தேன். மங்களூரில் விடுப்பில் இருந்த பெண், அவருக்குப் பதிலாக வந்த ஆண், இருவரையுமே எண்ணியிருந்தார்கள். கலபுரகியில் அலுவலக அம்மா சிரித்துவிட்டார். "ரஜெ மேலெ இரோரன்ன யாரு லெக்க ஹாக்தாரெ மேடம்?" விடுப்பில் இருப்பவர்களை யார் கணக்கில் சேர்ப்பார்கள் என்று கேட்கிறார். அங்கே பதிலுக்கு வந்தவரும் பட்டியலில் இல்லை. மூன்று ஊரிலும் மூன்று விதமாக எண்ணிவிட்டு, எங்கே ஆண்கள் அதிகம் என்று எப்படிச் சொல்வது?

விடுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு கட்டம், பதிலுக்கு வந்தவர்களுக்கு ஒரு கட்டம் என்று புதிதாகப் போட்டேன். என்னைப் பெண்கள் பக்கம் சேர்த்தேன்.

முதல்வர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எதுக்கும்மா இத்தனை கட்டம்? மீட்டிங்ல குழம்பிடுவாங்க. பழைய லிஸ்ட் மாதிரியே போடு."

"பழைய லிஸ்ட்ல நான் இல்ல சார்."

"பேப்பர்லதானே இல்ல? எதிர்லயே நிக்கறியே!"

"அந்தப் பேப்பரைப் பார்த்துத்தானே சார் எக்ஸ்டென்ஷன் கொடுப்பாங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "கைக்குழந்தைக்காரி. ஒரு வருஷம் வீட்ல இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

அப்படியென்றால் இது கைத்தவறு இல்லை. ஒருவேளை நல்லெண்ணத்தில்தான் சொல்கிறாரோ என்று அப்போதும் ஒரு நொடி யோசித்தேன்.

ஸ்டாஃப் ரூமில் அந்தத் தற்காலிக ஆசிரியரிடம் நானே சொன்னேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை.

"என்னை எடுத்துட்டீங்களா மேடம்?"

"இல்ல. பதிலுக்கு வந்தவங்கன்னு தனியா போட்டிருக்கேன்."

"அப்ப அடுத்த வருஷம்?" என்று கேட்டுவிட்டு, "எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு மேடம்" என்றார்.

பஸ்ஸில் அல்சூர் தாண்டும்வரை அது என்னை அரித்தது. பிறகு கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. அந்த இடத்துக்கு நேர்காணலில் உட்கார்ந்து தேறியவள் நான். அதை விட்டுத்தரவும் இல்லை, ராஜினாமா எழுதவும் இல்லை; பிள்ளை பெறப் போனேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அட்டவணையில் கையெழுத்திட்டு, மூன்று கல்லூரிகளுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல்வர் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கத்தினார். ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்டது.

"எதாவது தப்பா இருந்தா எழுத்துல கொடுங்க சார். திருத்திடறேன்" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

எழுத்தில் எதுவும் வரவில்லை. நீட்டிப்பு உத்தரவும் இன்னும் வரவில்லை; வராமலே போகலாம். ஆனால் இனி என்னை நீக்க வேண்டுமானால், யாராவது என் பெயர்மேல் கோடு கிழிக்க வேண்டும். பக்கத்தில் தங்கள் கையெழுத்தையும் போட வேண்டும்.