முதல் சஹனுக்குப் போன கோழி

வெந்நீரில் முக்கியெடுத்த கோழியை இரண்டு கைகளும் மளமளவென்று மொட்டையடித்தன. கத்தியின் நுனி வயிற்றைத் திறந்தது. விரல்கள் உள்ளே போய்க் குடலையும் ஈரலையும் ஒரே பிடியில் வெளியே கொண்டுவந்தன. பித்தப்பை உடையவில்லை. அந்தக் கைகளில் அது உடைவதேயில்லை.

"றாஹிலா, நிப்பாட்டு புள்ள!"

வேலிக்கு வெளியே, அவள் அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்று கூப்பிடும் இரும்புக்கடை அபுல் ஹஸன். மகனின் கல்யாண வலீமா விருந்துக்கு அன்று பகல் வேண்டிய கோழிகளைச் சொல்லிவைத்தவர். றாஹிலாவின் பழைய கூட்டைச் சுனாமி கொண்டுபோனது. சண்டை முடிந்து, சோதனைச் சாவடிகள் ஒழிந்து, கொழும்புத் தீவன லொறி தடையில்லாமல் சாய்ந்தமருதுக்கு வரத் தொடங்கிய பிறகு அவள் வளர்த்த முதல் பெரிய கூட்டம் இது. இந்த விருந்து தவறினால் ஊரில் இனி யாரும் அவளிடம் கோழி கேட்கமாட்டார்கள்.

"என்ன காக்கா, மாப்பிள்ள ஓடிட்டானா?"

"பகிடி உடாத. உன்ட தீவனத்துச் சோளம் ஜீன் மாத்தினதாம். பண்டிட ஜீனாம்! கோழிக்குள்ள போய், மறுகா நமக்குள்ளயும் போகுமாம். பள்ளிவாசலடில கதைக்கிறாங்க. ஒரு சஹனுக்கு ஆறு பேர் குந்துவாங்க. ஒருத்தன் கைய எடுத்தா மத்தவனுகளும் எடுப்பானுகள். என்ட மானம் போயிரும்."

கடைசியாகச் சொன்னதில் பொய்யில்லை. ஆறு கைகள் ஒரே தட்டில் போகும் விருந்தில், பன்றியோ என்ற ஒரு கையின் சந்தேகம் மற்றவற்றுக்கும் தொற்றும்.

"எனக்கும் அந்தக் கத காதுல உழுந்துதான் மாட்டு டொக்டர் ஜவுபர்ட போனன். மாத்தின சோளமா இரிக்கலாமாம். ஆனா வழக்கமாப் போடுறது மண்ணில இரிக்கிற ஒரு கிருமிட ஜீனாம். பண்டி அந்தப் பக்கமே போகல்ல."

அவள் ஓர் இரைப்பையைப் பிளந்து காட்டினாள். தீவனம் கூழாகிக் கிடந்தது.

"எந்தச் சோளத்திட ஜீனும் இப்பிடித்தான் சிதைஞ்சி போகுமாம். பொடித்துண்டு ஒண்டு ரெண்டு ரத்தத்துலயும் அம்புடுமாம். மாத்தாத சோளத்திட துண்டும் அப்பிடித்தான். அதால கோழிட ஜீன் மாறினதா ஒருத்தரும் காணல்லயாம்."

"துண்டெண்டாலும் போகுதுதானே!"

"ஒங்கட வீட்டு நாட்டுக்கோழி கரப்பான் திங்குது. அந்தச் சூப்பக் குடிச்சி ஒங்கட மீச எப்ப தானா ஆடத் தொடங்கின? சுனாமிக்குப் பிறகு, செத்தவங்கட மையித்தத் திண்ட மீனெண்டு நீங்க மாசக்கணக்கா மீனத் தொடல்ல. மறுகா பாரைக் கறிக்கு ஆரு முதல்ல பறந்த?"

அபுல் ஹஸன் ஸ்பீக்கரைப் போட்டு ஜவுபருக்குப் போன் அடித்தார். டொக்டரும் அதையே சொன்னார். பிறகு, "அதெல்லாம் இரிக்கட்டும், எனக்கு மட்டும் அழைப்பில்லையே" என்றார்.

றாஹிலா சிரித்தாள். "அவர முதல் சஹன்ல குந்தவைங்க, காக்கா. ஊரே பார்க்க அவர் தொடையக் கடிச்சா, மத்தவங்க ஜீனத் தேடமாட்டாங்க, மத்தத் தொடையத் தேடுவாங்க."

அவர் போனில் டொக்டரை விருந்துக்கு அழைத்து முடிப்பதற்குள் மிச்சக் கோழிகளும் சுத்தமாகின. அவள் மஞ்சள் தண்ணீரில் அலசி, அண்டாக்களில் அடுக்கி, வாழையிலையால் மூடி, முதல் அண்டாவைத் தூக்கி நீட்டினாள்.

அபுல் ஹஸன் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.