வார்ப்பு ஸ்கேலில் அளந்த கேமரா

நான் பவுண்டரியில் பேட்டர்ன் வேலை பார்த்தேன். நாங்கள் மரத்தில் உருவம் செய்து கொடுப்போம். அதை மணலில் பதித்து இரும்பு ஊற்றுவார்கள். ஆறும்போது இரும்பு சுருங்கும். அதற்காக எங்கள் ஸ்கேலில் அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூட இருக்கும். இருபது வருடம் அந்த ஸ்கேல்தான் என் கையில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுனில் ஒரு பழைய ஸ்டுடியோவை மூடினார்கள். அங்கே கிடந்த பெரிய மரக் கேமராவை வாங்கி வந்தேன். மரத்தை நான் சரி செய்தேன். லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் துருத்திக்குக் கறுப்புத் துணி வைத்து என் வீட்டுக்காரி தைத்தாள். அப்போதே அவளுக்கு வயிற்றில் கட்டி.

“மொதப் படம் எனக்குத்தானுங்க. வேற எவளையாச்சும் எடுத்தீங்கன்னா பொட்டியோட வெளிய போயிருங்க.”

அந்தக் காலத்துக் கண்ணாடி பிளேட் இப்போது வருவதில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் இரண்டு பிலிம் கொடுத்தார். அளவு ஒத்து வந்தது. அதை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவின் முதுகில் செருகும் மரச்சட்டம்தான் இல்லை. பிளேட் ஹோல்டர் என்பார்கள். நானே இரண்டு செய்தேன். இரண்டிலும் வெளிச்சம் கசிந்தது.

ஈரோடு, கரூர் எல்லாம் போனேன். கேமராவுக்குக் கேமரா அளவு வேறு. எதுவும் சேரவில்லை. கடைசியில் வெள்ளகோவிலில் ஒருவர் வீட்டில் ஒன்று இருந்தது. அவர் அப்பா படம் எடுத்தவர்.

கேமராவின் முதுகைப் பவுண்டரியிலேயே அளந்து தாளில் குறித்திருந்தேன். ஒரு அடியில் ஒரு நூல் குறைவு. அவர் வீட்டு ஸ்கேலை வாங்கி ஹோல்டரை அளந்தேன். சரியாக ஒரு அடி.

“ஒரு நூல் பெரிசுங்க.”

“ஏனுங்க, கொண்டு போய்ப் போட்டுத்தான் பாருங்களேன். சேரலைன்னா கொண்டாந்து குடுங்க.”

“பாக்க வேண்டியதில்லைங்க. அளவு அளவுதான்.”

“ஒரு நூலுக்குச் சண்டை போடவா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தீங்க?” என்று சிரித்தார்.

வெறுங்கையோடு வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

“செரி உடுங்க. அடுத்தது கெடைக்கற வரைக்கும் நான் எங்க போகப் போறேன்?” என்றாள்.

ஒன்றரை மாதத்தில் அவளால் எழ முடியவில்லை. கட்டில் செய்யப் பலகை அறுத்து வாங்கப் போனேன். ஆறடிக்கு முக்கால் அங்குலம் குறைகிறது என்று மரக்கடைக்காரரைத் திட்டினேன். அவர் தன் டேப்பை நீட்டினார்.

“எங்கீங்க, உங்க ஸ்கேலைக் காட்டுங்க பாக்கலாம்.”

பார்த்தேன். பவுண்டரி ஸ்கேல். கேமராவை அளந்ததும் அதில்தான். அதன் முதுகும் சரியாக ஒரு அடிதான். பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வெள்ளகோவில் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“நீங்கதான் வேண்டாம்னு போட்டுட்டுப் போயிட்டீங்களே. போன வாரம் தண்ணி காய வெக்க அடுப்புல வெச்சுப்போட்டாங்க.”

சாம்பலில் தேடி அதன் பித்தளைக் கொக்கியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அவளிடம் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டாள். கேமராவைக் கட்டிலுக்கு எதிரே வைக்கச் சொன்னாள். தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். பின்பக்கத்துப் பால் கண்ணாடியில் தலைகீழாக இருந்தாள்.

“தெரியறனுங்களா?”

“நல்லாத் தெரியற.”

“அப்ப பாத்துட்டே இருங்க.”

கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். பிறகு லென்ஸை மூடினேன்.

காரியத்துக்குக் கல்யாணப் படத்தில் அவளை மட்டும் வெட்டிப் பெரிசு பண்ணினார்கள். ஓரத்தில் என் தோள் கொஞ்சம் இருக்கிறது.