ஆறு கொடிகளில் ஒன்று

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் தொப்புள்கொடியின் மேல் பெயரும் இருக்கக் கூடாது, தேதியும் இருக்கக் கூடாது. வெறும் எண்தான். ஓசூர் தொழிற்பேட்டையில் ஆய்வகம் தொடங்கியபோது இந்த விதியை எழுதியவளே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கொடியின் ரத்தக்குழாய் உள்சுவரிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்பது என் வேலை. வழக்கமாக அவை கொஞ்ச காலம் பெருகி ஓய்ந்துவிடும். ஓயாமல் பெருகும் ஒரு செல் வரிசையை உண்டாக்கிவிட்டால், ரத்தக்குழாய் மருந்துகளை ஆண்டுக்கணக்கில் அதிலேயே சோதிக்கலாம். அதற்காகப் பிரசவ ஆஸ்பத்திரியில் தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடிகளைப் பெற்றோம். என் பிரசவத்தின்போது நானும் கையெழுத்துப் போட்டேன். ஊரிடம் கேட்டுவிட்டு நான் மட்டும் கொடுக்காமல் இருந்தால் எப்படி?

பெண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தாள்.

விடுப்பு முடிந்து திரும்பியபோது ஆறு கொடிகளின் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவளுடையது. எதுவென்று யாருக்கும் தெரியாது. எண் போட்டதும் ஆஸ்பத்திரியில் பட்டியலைக் கிழித்துவிடுவார்கள். அதுவும் என் விதிதான்.

ஐந்து ஓய்ந்துவிட்டன. நான்காம் எண் மட்டும் நிற்கவே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். எங்கள் பேச்சில் அதற்குச் சோறு போடுவது என்று பெயர். இரண்டு வருஷம் வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. பொங்கலன்றும் போனேன்.

"ஏன் மேடம், நாங்க ஊத்துனா குடிக்காதா அது?" என்பார் பாகலூரிலிருந்து வரும் உதவியாளர் அக்கா. என் கதை தெரிந்தவர்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"குடிக்காது, போங்க" என்பேன்.

நுண்ணோக்கியில் பார்த்தால் கூழாங்கல் பதித்த தரை மாதிரி செல்கள் நெருங்கிக் கிடக்கும். அறிவியல் படித்தவள்தான் நான். இருந்தும், "என்னடி, நல்லாத் தூங்குனியா?" என்று சோறு போடும்போதெல்லாம் அதைக் கேட்பேன். அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று அவ்வளவு ஏக்கமாக இருக்கும்.

புதிய வரிசையைப் பதிவு செய்யக் குரோமோசோம் சோதனை கட்டாயம். பெண் என்று வந்தால் அவளாக இருக்கலாம். ஆண் என்று வந்தால்? அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் பெங்களூருக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு வந்தது.

ஆண்.

அப்படியானால் அவள் அந்த ஐந்தில் ஒன்று. எப்போதோ ஓய்ந்து குப்பைப் பையில் போய்விட்டாள். என் கையாலேயே போட்டிருப்பேன். கணினி முன்னாலேயே வாய்விட்டு அழுதேன்.

ஞாயிறு முறைக்கு வந்திருந்த அக்கா ஓடிவந்தார். "பையன்க்கா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போங்க மேடம். இன்னிக்குச் சோறு நான் போடறேன்."

"வேணாம். நானே போடறேன்."

"அதுவும் சரிதான். யாரு பெத்ததோ, பசிக்குமில்ல? ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா…" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கையுறையை மாட்டிக்கொண்டு நான்காம் குடுவையை எடுத்தேன். இந்தக் கொடிக்குரிய பையன் இப்போது உத்தனப்பள்ளியிலோ பாகலூரிலோ ஓடித் திரிவான். சாப்பிட வாடா என்று அவன் அம்மா கத்திக்கொண்டிருப்பாள்.

புது நீரை ஊற்றி மூடினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.