அக்கா வாங்காத வாடகை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அது இருக்கிறது. கூடவே என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா அண்ணாகிராமத்துப் பக்கம் பிறந்தவர். அப்பா போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை எழுதும் வேலையில் சேர்ந்தார். யார் கல்யாணப் பேச்செடுத்தாலும், "தம்பி படிப்பு முடியட்டும்" என்பார். முடிந்தபோது பேச்செடுக்க ஆளில்லை. எடைச் சீட்டில் கொஞ்சம் கூட்டி எழுதச் சொல்லி வந்தவர்கள் எல்லோரும் வந்த வழியே திரும்பினார்கள். சேமிப்பில் கடலூரில் ஒரு வீடு வாங்கினார். ஓய்வுபெற்ற பணத்தில் சிதம்பரத்தில் மூன்று போர்ஷன் கொண்ட வீடு வாங்கி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டார்.

ஆண்டுதோறும் வாடகை ரசீதுகளையும் வீட்டு வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய்விடுவார். ஒரு வருடம் கூரை ஓடு மாற்ற நிறையச் செலவானது. அதையும் கழிக்க முடியுமா என்று கேட்டார்.

"ரிப்பேருக்கெல்லாம் சேத்துத்தாம்மா முப்பது பர்சென்ட் கழிச்சுக் குடுக்கிறாங்க. செலவு ஜாஸ்தியானாலும் அவ்ளோதான்" என்றார் ஆடிட்டர்.

"சரி, போவட்டும்" என்று அக்கா அந்தச் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடலூர் வீட்டில் என் குடும்பம் இருக்கிறது. அக்கா ஒரு ரூபாய் வாடகை கேட்டதில்லை. நானோ, அலுவலகத்தில் வரியைக் குறைத்துக்கொள்ள, மாதம் பன்னிரண்டாயிரம் அக்காவுக்கு வாடகை கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரரின் பான் எண் கேட்ட இடத்தில் அக்காவின் எண்ணைப் போட்டேன். எல்லோரும் செய்வதுதானே என்ற தைரியம். அக்காவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில், நான் காட்டிய வாடகை அவர் கணக்கில் இல்லையே என்று அவருக்கு வருமான வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. அன்றே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீ எனக்கு மாசாமாசம் வாடகை குடுக்கிறியாமே. எப்பப்பா குடுத்த?"

"வாங்குனேன்னு போட்டுடுக்கா. வரி எவ்ளோ வருதோ நானே தந்துடுறேன். இல்லன்னா என் வேலைக்கே வில்லங்கம் வந்துரும்" என்றேன்.

"வாங்காதத வாங்குனேன்னு எழுத மாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. நீயே உன் ரிட்டன திருத்திட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லு. இல்லன்னா உள்ளத உள்ளபடி எழுதிடுவேன்."

"கூடப் பொறந்தவன மாட்டி வுடுவியா?"

அக்கா போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஆபீசில் மேலதிகாரி சும்மா கூப்பிட்டாலும் அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். கடைசியில் வீட்டில் சொன்னேன். "அவுங்க சொல்றதுல என்ன தப்பு? போய்க் கட்டிட்டு வாங்க" என்று என் மனைவி தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்து, இருபத்தைந்தாம் தேதி ரிட்டனைத் திருத்தி, வரியையும் வட்டியையும் கட்டினேன். ஆனால் அக்காவுக்குச் சொல்லவில்லை. தம்பியைவிடச் சட்டம்தானே அவருக்குப் பெரிது, எழுதட்டும் என்ற வீம்பு.

ஜனவரியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனேன். அக்கா களி எடுத்து வைத்தார், சாப்பிட்டேன். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கு மாரடைப்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அவருடைய கடைசி ரிட்டனை வாரிசு என்ற முறையில் நான்தான் போட வேண்டியிருந்தது. ஆடிட்டர் பழையதைக் கணினியில் திறந்தார். நான் வாடகை காட்டிய ஆண்டுக்கு இரண்டு ரிட்டன் இருந்தன. இரண்டாவது, டிசம்பர் கடைசி நாளில் திருத்திப் போட்டது. கடலூர் வீடு, வாடகைதாரராக என் பெயர், மாதம் பன்னிரண்டாயிரம். அதற்கான வரியையும் வட்டியையும் அக்கா தன் பென்ஷனிலிருந்து கட்டியிருந்தார்.

"நான் எவ்வளவோ சொன்னேன் சார்" என்றார் ஆடிட்டர். "சாயங்காலம் வரைக்கும் இங்கதான் போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. ‘தம்பி கூப்புடல. அவன் வேலைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, போட்டுடுங்க’ன்னாங்க. ஓ.டி.பி. மூணு தடவ வந்து காலாவதியாச்சு. நாலாவது தடவதான் நம்பரச் சொன்னாங்க."

அக்காவைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாடகைக் குடும்பங்கள் இரண்டுக்கும், இறுதிக் காரியங்களில் கூட நின்ற எல்லோருக்கும், கடைசி ரிட்டனுக்கு ஃபீஸ் வாங்க மறுத்த ஆடிட்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா பொய்யே சொல்லாதவர் என்று எழுதும்படி உறவினர்கள் பலர் என்னிடம் சொன்னீர்கள். ஒன்று சொன்னார், எனக்காக. நான் இருபத்தைந்தாம் தேதியே ஒரு போன் செய்திருந்தால் அதையும் சொல்லியிருக்க மாட்டார்.