கோல் நின்ற இடம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருந்த எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது எனக்கு இருபது வயது. எங்கள் தெருவுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். சாதியைக் காரணம் சொல்லவில்லை. அதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது. லெவல் பார்க்கிற கருவி சொல்லிவிட்டதாம்: எங்கள் தெரு மேடு, தண்ணீர் ஏறாது.

கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியும். ஆனியில் சாரல் வலுத்தால் ஊர்த்தண்ணீர் முழுக்க எங்கள் வீடுகளுக்குள்தான் குடியேறும். அடுப்புக்குள் தவளை கிடக்கும். குடிக்க ஒரு குடம் வேண்டுமென்றால் மட்டும், மேலத்தெருக் கிணற்றடியில் யாராவது மனமிரங்கி ஊற்றும் வரை நிற்க வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குழாய் போட அளந்துபோன ஓவர்சியர் மறுபடி வந்த அன்று நாங்கள் நாலு பெண்கள் போய் நின்றோம்.

"ஐயா, மழைத்தண்ணிக்குப் பள்ளமா இருக்க தெரு, குழாய்த்தண்ணிக்கு எப்படி மேடாச்சு?" என்று கேட்டேன்.

"கருவி பொய் சொல்லாதும்மா. அதுக்கு யார் எவர்னு தெரியாது," என்றார்.

கருவி பொய் சொல்லவில்லைதான். எண் போட்ட நெட்டைக் கோல் ஒன்றை ஓர் ஆள் ஊன்றிப் பிடிப்பான். ஓவர்சியர் தூரத்திலிருந்து கண்ணாடிக் குழல் வழியே அதைப் படிப்பார். கோல் பிடித்தவன் மேலத்தெருக்காரன். எங்கள் தெருவுக்குள் கால் வைக்க மாட்டான். முதல்முறை அளக்க வந்தபோது, தெருமுனையில் உயர்ந்து கிடந்த வாய்க்கால் கரைமேல் கோலை ஊன்றி, இதுதான் தெரு என்று சொல்லிவிட்டான். அன்று அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அதைச் சொன்னேன். "உள்ள வந்து வைங்க அண்ணாச்சி," என்றேன் கோல்காரனிடம். அவன் ஓவர்சியர் முகத்தைப் பார்த்தான்; நகரவில்லை. கோலைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

"ஏட்டி, அதைத் தொடாத," என்று பின்னாலிருந்து கத்தினான். தொட்டாயிற்று. எங்கள் வீட்டு வாசலில் ஊன்றி நிமிர்ந்து நின்றேன்.

"இப்ப பாருங்கய்யா."

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். நோட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு வேறு எழுதினார். "தண்ணி வரும்," என்று மட்டும் சொன்னார். வருத்தமெல்லாம் தெரிவிக்கவில்லை.

கோல்காரன் கரையிலேயே நின்றான். "கீழ வச்சிட்டுப் போ, நான் எடுத்துக்கிடுதேன்," என்றான்.

நான் வைக்கவில்லை. கோலோடு அவன் எதிரில் போய் நின்றேன். வெயில் ஏறியது. ஓவர்சியர் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நேரமாகிறது என்று அவனை அதட்டினார். கடைசியில் அவன் கையை நீட்டி, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான்.