தம்பி பாதியில் விட்ட டிரம்

என் தம்பி டெக்சஸில் இறந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. நல்ல மழை, ஃப்ரீவேயில் முன்னால் போன லாரி வழுக்கிக் குறுக்கே திரும்பிவிட்டது. அதற்கு மேல் எனக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சேதி வந்த அன்றே என் கணவர் நியூஜெர்சியிலிருந்து அங்கே விமானம் ஏறினார். நான் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மா அப்பா இருக்கும் ஈரோட்டுக்குப் போனேன். ஆறு நாள் கழித்து என் தம்பியின் உடலோடு அவர் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று என் அப்பாவிடம் தனியாகச் சொன்னார். திறக்கவில்லை.

நாங்கள் நியூஜெர்சியில் எங்கள் ஊரான பிரிட்ஜ்வாட்டருக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆன பிறகு, தம்பியோடு அபார்ட்மென்டில் தங்கியிருந்த பையன் மூன்று அட்டைப்பெட்டிகளை அனுப்பிவைத்தான். ஒன்றில் துணி, ஒன்றில் புத்தகம். மூன்றாவதில் டிரம்.

அது பழைய ஸ்நேர் டிரம். தம்பி பள்ளிக்கூடத்து பேண்டில் சைடு டிரம் அடித்தவன். குடியரசு தினத்துக்கு வெள்ளை உடுப்பில், இடுப்பில் டிரம்மைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போவான். அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், ஏதோ சந்தையில் இதைக் கண்டெடுத்திருக்கிறான். நீலமும் வெள்ளியுமாய் மினுக்கும் உறை, ஒரு பக்கம் விரிசல், வளையம் முழுக்கத் துரு. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபோன் என்றால் டிரம் பேச்சுதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, மேல் வளையத்துல இருந்த துரு போயிடுச்சு தெரியுமா? அலுமினியம் ஃபாயிலைத் தண்ணில நனைச்சுத் தேய்ச்சேன். இப்ப மூஞ்சி தெரியுது."

"அதெல்லாம் இருக்கட்டும். அம்மா அனுப்புன பொண்ணு போட்டோவப் பாத்தியா இல்லியா?"

"பாக்கறேன்க்கா. இதுல எட்டு லக் இருக்கு. திருகு போய் மாட்டுற இடம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குட்டி ஸ்பிரிங்..."

"எப்பக் கூப்பிட்டாலும் இந்த டிரம்தானாடா? வேற வேலை இல்லியா உனக்கு? பாப்பா அழறா. வெக்கறேன்."

பாப்பா அழவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனது அந்த வாரம் வியாழக்கிழமை.

மூன்றாவது பெட்டி குளிர்காலம் முழுக்க பேஸ்மென்டில் கிடந்தது. துணி துவைக்கக் கீழே போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஏன் அன்றைக்கு என்று தெரியவில்லை, வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன்.

ஜிப்லாக் பைகளில் ஒவ்வொரு லக்கும் தனித்தனியாக இருந்தது. ஐந்து பளபளத்தன, மூன்று கறுத்திருந்தன. ஸ்பிரிங் அதிராமல் இருக்க உள்ளே துணிப்பட்டை வைத்திருந்தான். அது அம்மா வருஷா வருஷம் கொடுத்தனுப்பும் ஈரிழைத் துண்டிலிருந்து கத்தரித்தது. கரை பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடியில் டிரம்மின் உடல், வெறும் மர உருளையாக. உள்பக்கம் வெளிச்சத்தில் திருப்பினேன். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஓர் எண். ஒன்றிலிருந்து எட்டு வரை, சின்னச் சின்ன அம்புக்குறிகளோடு. எதை எங்கிருந்து கழற்றினோம் என்று அடையாளம் வைத்திருக்கிறான். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. கணக்கு வாத்தியார் எத்தனை திட்டியும் அவன் விடாத கோடு.

அந்த ஏழின்மேல் விரலை வைத்துக்கொண்டு வாஷிங் மெஷின் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கணவரிடம் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தம்பி பெயரை யாரும் எடுப்பதில்லை. நியூஸில் விபத்து என்று வந்தால் அவர் சேனலை மாற்றிவிடுவார். இவருக்கென்ன, மச்சினன்தானே, மறந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த வாரம் டிரம்மைக் காரில் வைத்து, ரூட் 22 சாலையில் இருந்த ஒரு மியூசிக் கடைக்குக் கொண்டுபோனேன். குடுமி போட்ட ஒரு வெள்ளைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுமையான கை, யார் செய்தது என்று கேட்டார். என் தம்பி என்றேன். அவர் ஏன் வரவில்லை என்றார்.

"அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்றேன்.

மீதியை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், மாட்டும்போது ஒரே திருகை முழுக்க முறுக்கக் கூடாது, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வளையம் கோணிவிடும், தம்பியிடம் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். கார் பார்க்கிங்கில் வண்டியை எடுப்பதற்கு முன், அவர் சொன்னதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானங்கள், மகள் தூங்கும் நேரம், என்னுடையவை ஆயின. திருகுகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மரைக்கு மரை தேய்த்தேன். கறுத்த மூன்று லக்குக்கும் மெட்டல் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால், துணி கறுக்கக் கறுக்க உலோகம் வெளுத்தது. அவன் சொன்ன ஃபாயில் வித்தையைக் கீழ் வளையத்தில் நானும் செய்து பார்த்தேன். துரு பழுப்புச் சேறாகக் கரைந்து வழிந்தது. உண்மைதான், மூஞ்சி தெரிந்தது. அதைச் சொல்ல ஃபோனில் அவன் இல்லை. மரத்தின் உள்பக்கத்தை மட்டும் நான் தொடவேயில்லை.

ஜூனில் என் பிறந்தநாள் ஒரு வேலைநாளில் வந்தது. ஆபீஸிலிருந்து வந்தால் கணவர் வீட்டில் இருக்கிறார். லீவு போட்டிருந்தார்.

"கண்ண மூடு. கீழ வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

மேஜைமேல் டிரம் உடல். விரிசலை ஒட்டி, உறையைத் துடைத்து, உள்ளே எண்ணெய் தடவி வைத்திருந்தார். மரம் தேன் நிறத்தில் மின்னியது.

"நீ இதோட கஷ்டப்படறதப் பாத்தேன். இன்னிக்கு முழுக்க இதான் வேலை. உள்ள ஒரே அழுக்கு. பழைய ஓனர் யாரோ பென்சில்ல நம்பர் நம்பராக் கிறுக்கி வெச்சிருந்தான். சாண்ட் பேப்பர் போட்டு எடுத்துட்டேன்."

நான் அதைக் கையில் எடுத்து விளக்குக்குக் கீழே சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வழவழவென்று இருந்தது.

"அது அவன் எழுத்துங்க" என்றேன்.

அவர் முகம் அப்படியே செத்துவிட்டது. "நீ சொல்லவே இல்லியே."

"சொல்லணுமா? பாத்தாத் தெரிய வேண்டாமா? உங்களுக்கு அவன் போனதே ஒண்ணுமில்ல. வந்ததுலேர்ந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவன் பேர எடுத்திருப்பீங்களா? மிச்சம் இருந்ததையும் தேய்ச்சு அழிச்சாச்சு."

அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். கையெல்லாம் மரத்தூள். உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அங்க நான்தாம்மா அவனப் பாத்தேன். ஷீட்ட எடுத்துக் காட்டி இவர்தானான்னு கேட்டாங்க. ஆமான்னு கையெழுத்துப் போட்டேன். அவன் பேர எடுத்தா நீ கேப்ப. கேட்டா நான் சொல்லிடுவேன். அதான் எடுக்கல. தினமும் அதான் ஞாபகம். காரை ஸ்டார்ட் பண்ணும்போது, பல்லு தேய்க்கும்போது..."

முடிக்க முடியாமல் குலுங்கினார். கல்யாணமான ஏழு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. டிரம்மை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தனை மாதம் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அவன் மூஞ்சி?"

"மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "தூங்கற மாதிரிதான் இருந்தான்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை நான் மறுபடி கேட்டதில்லை.

எண்கள் போய்விட்டதால் எந்த லக் எந்தத் துளைக்கு என்று தெரியவில்லை. பழைய காலத்துக் கைவேலை, துளைக்குத் துளை மயிரிழை வித்தியாசம். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினோம், பொருந்தவில்லையென்றால் கழற்றினோம். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. வேலை செய்துகொண்டே அவர் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஏர்போர்ட்டில் அவன் பெட்டியைத் தொலைத்த கதை, தன்னிடம் ரகசியமாகக் கார் ஓட்டப் பழகிய கதை, எனக்குத் தெரியாதவை. மகள் வந்து எட்டிப்பார்த்து, "இஸ் திஸ் மாமாஸ்?" என்று கேட்டாள். "ஆமாடா கண்ணு, மாமாவோடது" என்று அவர்தான் சொன்னார். புதுத் தோல் போட்டு, அடியில் சுருள் கம்பிகளைக் கட்டி, கடைக்காரர் சொன்னபடி எதிரெதிராக முறுக்கினோம். யாரும் அடிக்கவில்லை. ஹாலில் ஜன்னல் ஓரமாக வைத்தோம்.

அடுத்த வருஷம் அம்மா எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தாள். வந்த முதல் நாள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை, கணவர் ஆபீஸ் போன பிறகு, "அவனோடது எங்கிருக்குது?" என்றாள். டிரம்மை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். அம்மா அதன் வளையத்தை, லக்குகளை, உறையை விரல்களால் தடவிக்கொண்டே போனாள். பிறகு குனிந்து, குழந்தையின் தலையை முகர்வதுபோல் அதன்மேல் மூக்கை வைத்து ஆழ இழுத்தாள். இன்னொரு பக்கம் திருப்பி அங்கேயும் முகர்ந்தாள்.

"பாலிஷ் வாசந்தான் சாமி வருது" என்றாள். "இத்தனை சுத்தமா எதுக்குத் தொடச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அம்மா காப்பி போட எழுந்து போன பிறகு நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான்.