பாவாவுக்கு நான் தேர்ந்தெடுத்த கிட்டார்

பாவா அந்த பேஸ் கிட்டாரைத் தூக்கிப் பிடித்து, அதன் உடலில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் முனையில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, தடித்த கம்பி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப மீட்டினார். சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடையின் மாடி அது. காலை பதினொரு மணி இருக்கும். விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் பதிலுக்குக் கொஞ்சம் சிரித்தேன். அன்று அப்படிச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பாவா என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் பதினாறு வயதிலிருந்து வேலை செய்தவர். ஆடிக் கிருத்திகைக்கும் கல்யாணங்களுக்கும் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில், அடிச் சுரங்களுக்கென்று குழுவில் இருந்த பழைய பேஸ் கிட்டாரை அவர்தான் வாசிப்பார். முறையாக யாரிடமும் கற்றதில்லை. பிறகு அந்தக் குழுவில் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசிக்க ஆரம்பித்ததால், பாவாவுக்கு மேடையில் இடமில்லாமல் போயிற்று. அப்போது நான் கல்லூரி கடைசி வருஷம். சொந்தமாகப் பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தேன். ராக் இசைதான் என் பைத்தியம். டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் ஒருவன் கிடைத்திருந்தான். அவன் வீடு திருத்தணி மலையடிவாரத்தில். மாடி அறையில் ஒத்திகை பார்க்கலாம். ஆனால் பெண்பிள்ளை இப்படித் தனியாகப் போய்ப் பாடுவதை அம்மா ஒப்பவில்லை. பாவாதான் வந்து பேசினார்.

"வுடுங்க அத்தை. நான் கூடவே இருக்கேன் இல்ல. நானும் வாசிக்கப் போறேன்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்கு விடுமுறை. டவுன் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்துவிடுவார். இரவல் பேஸில் வாசிப்பார். மலையிலிருந்து ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு வந்து விழுந்துகொண்டிருக்கும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதைவிடச் சத்தமாக வாசிப்போம். அறையில் எத்தனையோ இடமிருந்தும் பாவா எப்போதும் டிரம்ஸுக்கு எதிரிலேயே நின்று, பெரிய டிரம்மை மிதிக்கும் நண்பனின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவர் பழக்கம் என்றுதான் நினைத்தோம். பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால் சில சமயம் திரும்ப மாட்டார். தறிச் சத்தத்திலேயே இருக்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தானே என்று விட்டுவிட்டோம்.

ஒரு வருஷம் ஒத்திகை பார்த்த பிறகு அரக்கோணத்தில் ஒரு கல்லூரி விழாவில் வாசிக்க அழைத்தார்கள். இரவல் பேஸைத் திருப்பிக் கேட்டுவிட்டதால், பாவா தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அக்காவும் சரியென்றாள். இருவரும் காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம்.

எங்களுக்கு ஒத்துவந்தவை இரண்டு மாடல்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவது கனமானது, கழுத்து தடித்தது, கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தப் பகுதி, பிக்கப் என்பார்கள், அதில் நடுவே ஒன்றுதான் இருந்தது. அதன் ஓசையில் அலங்காரம் எதுவும் கிடையாது. அடிவயிற்றில் வந்து இடிக்கும், அவ்வளவுதான். இரண்டாவதில் பிக்கப் இரண்டு. கழுத்து ஒடிசலாக, விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு சுரமும் தெளிவாக, ஓரத்தில் ஒரு கரகரப்போடு வரும். கிட்டாரும் டிரம்ஸும் எவ்வளவு கத்தினாலும் அதற்குள்ளிருந்து அது தனியாகக் கேட்கும். நான் எழுதிய புதுப் பாட்டு ஒன்றில் நடுவில் எல்லாரும் நிறுத்திவிடுவோம். பேஸ் மட்டும் தனியாக எட்டு சுற்று போகும். அந்த இடத்துக்கு இரண்டாவது கிட்டார் செய்து வைத்ததுபோல் இருந்தது.

முதல் கிட்டாரில் தாடையை வைத்து வாசித்தபோது பாவாவின் முகம் மெல்ல இளகியது. குழந்தை தூக்கத்தில் சிரிப்பதுபோல் உதடு லேசாக விரிந்தது. இரண்டாவதை வாசிக்கும்போது அந்த முகத்தில் ஒன்றுமில்லை. விற்பனையாளர் ஒலியைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். பாவா தலையாட்டிக்கொண்டே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எது பாப்பா நல்லா இருக்குது? நீ சொல்லு."

"ரெண்டாவதுதான் பாவா. நம்ம பாட்டுக்கு அதுதான் கரெக்ட்."

"அப்ப அதையே எடுத்துக்கலாம்."

அவருக்குக் காது அவ்வளவு மோசமென்று அப்போது எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். டாக்டர் சொன்னது தெரியாதுதான். ஆனால் இரண்டு முகங்களையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அரக்கோணத்தில் எங்கள் முறை மதியத்துக்குப் பிறகு வந்தது. பந்தலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேடையில் ஆட்கள் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து டிரம்ஸுக்கு முன்னால் வைத்தார்கள். பாவா அதைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். யாரும் கவனிக்கவில்லை. நானும் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நண்பனின் கால் அவருக்குத் தெரியாமல் போனது அப்போது எனக்குப் புரியவில்லை.

பாட்டு தொடங்கிப் பாதி வரைக்கும் ஓரளவு போயிற்று. எல்லாரும் நிறுத்த வேண்டிய இடத்தில் நாங்கள் நிறுத்தினோம். பாவா பழைய சுற்றையே வாசித்துக்கொண்டிருந்தார். சுதாரித்துத் தனிச் சுற்றுக்கு வந்தபோது நாங்கள் அடுத்த பகுதிக்குப் போய்விட்டோம். அதற்கு மேல் அவரால் எங்களைப் பிடிக்கவே முடியவில்லை. அந்தக் கிட்டாரின் தெளிவு இருக்கிறதே, ஒரு தப்பைக்கூட மறைக்காமல் பந்தல் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தது. பாட்டு முடிந்து நான் கையைத் தூக்கி நின்றேன். பாவா தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நான் போய்த் தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தார். சிரிக்கிற முகங்களைப் பார்த்துவிட்டு, கைதட்டுகிறார்கள் என்று எண்ணி அவரும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நீ நல்லா பாடுன பாப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். பாவா வெளியே போயிருந்தார். அக்கா ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். வேலூரில் காது டாக்டர் எழுதிக் கொடுத்தது. நாங்கள் கிட்டார் வாங்கப் போனதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி இருந்தது.

"மேல் சத்தமெல்லாம் போயிடுச்சாம். அடிச் சத்தம்தான் கொஞ்சம் மிச்சம் இருக்குதாம், அதுவும் எத்தினி நாளைக்கோன்னு சொன்னாங்க. அதனாலதான் அவரு கிட்டார் வாங்கறேன்னு சொன்னப்போ நான் தடுக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல அக்கா?"

"சொன்னா நீ அவரை வுட்டுட்டு வேற ஆளைப் பாத்துக்குவியோன்னு பயந்துகினு இருந்தாரு. மொத கிட்டாரு நெஞ்சுல வந்து மோதுச்சாம். ரெண்டாவதுல விரல்ல கம்பிதான் தெரிஞ்சிதாம். ஆனா நீ ஆசைப்பட்டுக் கேட்டன்னு எடுத்துகினு வந்துட்டாரு."

மறுநாளே கிட்டாரை எடுத்துக்கொண்டு சென்னைக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டு, மாற்றி, அந்தக் கனமான முதல் மாடலை வாங்கிக்கொண்டு வந்தேன். அதை அவர் மடியில் வைத்தபோது பாவா கோபப்படவில்லை. பெட்டியைத் திறக்கவும் இல்லை.

"வேணாம் பாப்பா. காதுக்குள்ள தறி ஓடிகினே இருக்குது. ஞாயித்துக்கிழமைகூட நிக்கல. இதுல நான் எதைக் கேக்கறது?"

பாவா இல்லாமல் அம்மா என்னை ஒத்திகைக்கு விடவில்லை. அதைக்கூட நான் பெரிதாக எதிர்க்கவில்லை. நண்பன் வேறு குழுவுக்குப் போனான். எனக்கு ஒரு அலுவலக வேலை கிடைத்தது. தினம் ரயிலில் போய்வருகிறேன். பாவாவைத் தறியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கொட்டகை வாசலில் காவல். காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைச்சல்தான் பெரிதாகிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்று போட்டார். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக வாய்விட்டுச் சொல்லாததை அன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதிக் காட்டியிருக்கலாம். போனை எடுத்து இரண்டு வரி அடித்துவிட்டு அழித்தேன். பிறகு அவர் முகத்துக்கு நேராகப் பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் பாவா. உங்களுக்கு மொத கிட்டாருதான் புடிச்சிதுன்னு கடையிலயே தெரியும். என் பாட்டுக்காகத்தான் மாத்திச் சொன்னேன்."

பாவா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததை உறுதி செய்துகொண்டு தலையாட்டினார்.

"ஆங். நாலு மணி வண்டிக்கே போயிடு பாப்பா. அப்புறம் கூட்டம் வந்துடும்."

புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. நாலு மணி வண்டிக்கே போனேன்.